ஒரே திருத்தம், இரண்டு முகம்

ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றத்துக்கு வழி கேட்டால், வழியோடு அதன் சரித்திரத்தையும் சேர்த்தே சொல்வார்கள்: பூ.ச. குமாரசுவாமி ராஜா தம் சொந்த இல்லத்தையே அதற்குத் தானமாக அளித்தார் என்பதையும், 1949 ஏப்ரலில் சென்னை மாகாணப் பிரதமரான அவர் 1950 ஜனவரி 26 அன்று குடியரசு உதயமானபோது ராஜ்யத்தின் முதல் முதன்மந்திரியானார் என்பதையும். புதிய அரசியல் சாசனத்தை முதன்முதலில் உரசிப் பார்த்த பெரும் வழக்குகளில் மூன்று அவருடைய சர்க்காரைப் பிரதிவாதியாகக் கொண்டவை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

புரட்சி தலைவாசலில் நிற்பதாக ஆள்வோர் அஞ்சிய காலம் அது. கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கைதிகள் மாண்டனர். அதே ஆண்டில் கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்தை நிறைவேற்றிய அதே காங்கிரஸ் மந்திரிசபைதான், பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகை ராஜ்யத்துக்குள் நுழையலாகாது என்றும் உத்தரவிட்டது. விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில் சர்க்கார் பெரும்பாலும் வென்றது. அடுத்த வாரமே, மே 26 அன்று, 'கிராஸ் ரோட்ஸ்' ஆசிரியர் ரமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் தோற்றது.

மூன்றாவது வழக்கு, வகுப்புவாரி உத்தரவு பற்றியது. வைத்திய, என்ஜினீயரிங் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு 6, பிற்பட்டோர், பிராமணர், ஹரிஜனர் ஆகியோருக்கு இரண்டிரண்டு, கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வொன்று எனப் பங்கிட்ட அந்த ஏற்பாட்டை எதிர்த்து, கல்லூரிக்கு விண்ணப்பமே போடாத செண்பகம் துரைராஜன் ரிட் மனுத் தாக்கல் செய்தார். உடன் வந்த மாணவர் சீனிவாசனுக்காக வாதாடியவரோ, சாசனத்தை வரைந்த குழுவில் வீற்றிருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரே. ஹைக்கோர்ட்டிலும், 1951 ஏப்ரல் 9 அன்று சுப்ரீம் கோர்ட்டிலும் சர்க்கார் தோற்றது. இங்கே கிளர்ச்சி மூண்டது. ஜூன் 18 அன்று சாசனத்துக்கு முதல் திருத்தம் வந்தது.

அத்திருத்தத்தில் இட ஒதுக்கீட்டுக்கு அரண் செய்த 15(4)-ஐ மேடைதோறும் கொண்டாடுகிறோம், அது நியாயமே. ஆனால் பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் புதிய தடைகளை அனுமதித்த 19(2)-இன் மாற்றமும், 'கிராஸ் ரோட்ஸ்' வழக்கில் கண்ட தோல்விக்கு மருந்தாக, அதே தாளில்தான் அச்சாயிற்று. ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் ஜன்னலை அடைத்த இக்காரியத்தில் பாதியை மட்டும் நினைவுகூர்வது, 1952 தேர்தலில் தோல்வியுற்று, பின்னர் ஒரிஸ்ஸாவின் கவர்னராகி, 1957-இல் மறைந்த அந்த எளிய மனிதரை வெறும் தானப் பிரபுவாகச் சுருக்குவதாகும்.

இன்றும் ராஜபாளையத்துக் கட்சிக்காரர்கள், வாய்தா நாளில் மஞ்சள் பையில் வழக்குக் கட்டோடு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளைத் தாண்டி ஜில்லாக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அங்கே அவர்களுடைய வக்கீல் அடிப்படை உரிமை பற்றிப் பழைய தீர்ப்பு ஒன்றைப் புரட்டினால், அதன் தலைப்பில் 'சென்னை ராஜ்யம்' என்று இருக்கக்கூடும். அது தங்கள் ஊர்க்காரர் நடத்திய சர்க்கார் என்பதை அந்தக் கலை மன்றத்துச் சுவரில் ஒரு பலகை சொன்னால் என்ன?