இறக்காமலே ஓர் இறக்குமதி

இறக்குமதி என்றவுடன் நமக்கு என்ன ஞாபகம் வரும்? துறைமுகம், கிரேன், கண்டெய்னர், கஸ்டம்ஸ் ஆபீசர். ஏதோ ஒன்று கப்பலில் இருந்து இறங்கியாக வேண்டும். ஆனால் எதுவுமே இறங்காத இறக்குமதி ஒன்று இருக்கிறது. நம் பையன் ஒருவன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய், அங்கே ஃபீஸ் கட்டி, ரூம் வாடகை கொடுத்து, சாப்பிடுகிறான் என்று வையுங்கள். அந்தச் செலவு முழுவதும் இந்தியாவின் சேவை இறக்குமதிக் கணக்கில் ஏறும். ஆள் இங்கிருந்து ஏற்றுமதி ஆகிறான், கணக்கு மட்டும் இறக்குமதி!

இதைத்தான் 'வணிகச் சேவைகள் இறக்குமதி' என்கிறார்கள். போன மாதம் எங்கள் வகுப்பு செமினாரில் நண்பர் ஒருவர் இது பற்றிய பட்டியல் ஒன்றைத் திரையில் போட்டார். எந்த நாடு எவ்வளவு இறக்குமதி செய்கிறது என்ற வரிசை. அமெரிக்கா, சீனா, ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ் என்று எல்லாம் பெரிய தலைகள். அவர்களுக்கு நடுவே தோளோடு தோள் உரசிக்கொண்டு அயர்லாந்து.

உடனே வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "சின்ன நாடு, வாங்கும் சக்தியைப் பாருங்கள், இதுதான் வளர்ச்சி" என்றது ஒரு கட்சி. "இறக்குமதி என்றாலே காசு வெளியே போகிறது என்று அர்த்தம். இந்தப் பட்டியலில் மேலே ஏறுவது அவமானம்" என்றது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நன்றாகக் கை தட்டினார்கள்.

என் கட்சி மூன்றாவது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நாடுகளை ஒப்பிடுவது பொருளாதாரம் இல்லை, கிளி ஜோசியம். கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டில் என்ன வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். ஒரு நாடு வெளியில் இருந்து வாங்கும் எல்லாச் சேவைகளையும் கூட்டி, அதில் அரசாங்கங்கள் வாங்கும் சேவைகளை (தூதரகச் செலவு மாதிரி) கழித்தால் மீதி வருவது வணிகச் சேவை. உலக வங்கி இதை நான்கு கட்டங்களாகப் பிரித்துப் போடுகிறது. ஒன்று, போக்குவரத்து. இரண்டு, பயணம். மூன்று, இன்சூரன்ஸும் நிதிச் சேவையும். நான்காவது, 'கம்ப்யூட்டர், தகவல் தொடர்பு மற்றும் இதர சேவைகள்'.

அந்த 'இதர' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். மளிகைக் கடை நோட்டில் 'சில்லறைச் செலவு' என்று ஒரு வரி இருக்குமே, அது மாதிரி. சாஃப்ட்வேர், கூரியர், கட்டுமானம், சட்ட ஆலோசனை, சினிமா, எல்லாவற்றுக்கும் மேலாக ராயல்டி என்று எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள். வீட்டில் சில்லறைச் செலவு மொத்தச் செலவில் பாதியைத் தாண்டினால் அம்மா சும்மா விடுவாரா? உலகப் பொருளாதாரத்தில் மட்டும் நாம் கேள்வி கேட்காமல் தலையாட்டுகிறோம்.

இப்போது அயர்லாந்துக்கு வருவோம். 2022 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள் தொகை சுமார் 51 லட்சம். அதே ஆண்டு அந்த நாட்டின் சேவை இறக்குமதி 30,000 கோடி டாலருக்கும் மேல். தலைக்கு வகுத்தால் 58,000 டாலரைத் தாண்டுகிறது. இந்தியா 2022-23 நிதியாண்டில் இறக்குமதி செய்தது சுமார் 18,200 கோடி டாலர். 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 130 டாலர். அதாவது ஓர் அயர்லாந்துக்காரர் நம்மைப் போல 400 மடங்குக்கு மேல் வெளிநாட்டுச் சேவை வாங்குகிறாராம். கைக்குழந்தையும் சேர்த்து! அப்படி என்னதான் வாங்குகிறார்கள்?

அவர்கள் வாங்கவில்லை என்பதுதான் விஷயம். அமெரிக்கக் கம்பெனி ஒன்று கலிஃபோர்னியாவில் ஒரு மென்பொருளை உருவாக்குகிறது. அதன் உரிமையைத் தன் குடும்பத்துக்குள்ளேயே இன்னொரு நாட்டுத் துணை நிறுவனத்தின் பெயரில் எழுதி வைக்கிறது. ஐரோப்பா முழுவதும் விற்பது அயர்லாந்துக் கிளை. விற்ற பணத்தில் பெரும் பகுதியை 'உரிமைக் கட்டணம்' என்று சொல்லி அந்தக் கிளை தன் சொந்தக்காரக் கம்பெனிக்கே அனுப்புகிறது. இடது பாக்கெட்டில் இருந்து வலது பாக்கெட்டுக்குப் பணம் போகிறது. நடுவில் ஒரு நாட்டின் எல்லை இருப்பதால், அதற்குப் பெயர் சேவை இறக்குமதி!

இதில் 'டபுள் ஐரிஷ்' என்ற ஏற்பாடு பிரபலமானது. நெதர்லாந்து வழியாகச் சுற்றி, கடைசியில் அப்போது வருமான வரியே இல்லாதிருந்த பெர்முடாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. கூகுள் இந்த வழியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. 2015 முதல் புதிய கம்பெனிகளுக்கு இந்த வழி அடைக்கப்பட்டது. பழையவர்களுக்கு 2020 முடிவு வரை அவகாசம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ராயல்டியில் பெரும் பங்கு அமெரிக்காவில் உள்ள தாய்க் கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்தது. போகும் ஊர்தான் மாறியது. அயர்லாந்து மக்கள் இதில் எதையும் வாங்கவில்லை என்பது மாறவில்லை. ராயல்டி வகையில் உலகிலேயே அதிகம் பணம் வெளியே அனுப்பும் நாடுகளின் வரிசையில் அயர்லாந்து முதலிடம் பிடித்த கதை இதுதான்.

இந்தக் கணக்கை அயர்லாந்துக்காரர்களே நம்புவதில்லை என்பது கூடுதல் வேடிக்கை. 2015-ல் தங்கள் பொருளாதாரம் ஒரே வருடத்தில் 26 சதவீதம் வளர்ந்ததாக அவர்களுடைய புள்ளிவிவரத் துறை 2016-ல் அறிவித்தது. கம்பெனிகள் தங்கள் சொத்துரிமைகளைக் காகிதத்தில் அங்கே மாற்றியதன் விளைவு அது. பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன் இதற்கு 'லெப்ரகான் பொருளாதாரம்' என்று பெயர் வைத்தார். லெப்ரகான் என்பது பானையில் தங்கம் ஒளித்து வைக்கும் அயர்லாந்துக் குட்டிப் பூதம், நம்மூர் குட்டிச்சாத்தானுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கடைசியில் அந்த நாடு 2017-ல் இருந்து, இந்த மாய எண்களை வடிகட்டிய தனி அளவுகோல் ஒன்றையே வெளியிட ஆரம்பித்தது. சொந்த வீட்டுக்காரரே நம்பாத கணக்கைத்தான் நாம் திரையில் போட்டுக் கை தட்டினோம்.

சரி, அயர்லாந்து ஒரு விதிவிலக்கு என்பீர்கள். அடுத்து சீனா. 2019-ல் சீனர்கள் வெளிநாட்டுப் பயணத்தில் செலவிட்டது சுமார் 25,500 கோடி டாலர். அந்த நாட்டின் மொத்தச் சேவை இறக்குமதியில் இது ஏறத்தாழ பாதி. சுற்றுலா, ஷாப்பிங், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் இதில் அடக்கம். 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றதும் இந்தச் செலவு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. சீனா திடீரென்று தற்சார்பு அடைந்துவிட்டதா? மக்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆக, அயர்லாந்தின் எண் கம்பெனிகளின் வரிக் கணக்கைச் சொல்கிறது. சீனாவின் எண் ஒரு நடுத்தர வர்க்கத்தின் ஆசையைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே ஏணியில் அடுத்தடுத்த படியில் நிறுத்தி, யார் மேலே யார் கீழே என்று கேட்பது ஆட்டையும் ஆட்டோவையும் ஒரே தராசில் வைப்பது போல.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்தியாவின் இறக்குமதியில் முக்கியமான பகுதி கப்பல் கட்டணம். நம் சரக்கை ஏற்றி வரவும் கொண்டு போகவும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 7,500 கோடி டாலர், ஏறக்குறைய 6 லட்சம் கோடி ரூபாய் கொடுக்கிறோம் என்று பிரதமர் மோடியே 2025 செப்டம்பரில் பாவ்நகர் கூட்டத்தில் சொன்னார். இது ஆசைக்கு வாங்குவது இல்லை. கப்பல் இல்லாததால் வேறு வழியில்லாமல் கொடுப்பது.

இந்த வித்தியாசத்தை நூறு வருடத்துக்கு முன்பே புரிந்துகொண்ட ஒருவர் தூத்துக்குடியில் இருந்தார். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அவர் எதிர்த்தது துணியையோ உப்பையோ இல்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணமும் சரக்கும் ஒரே ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் பிடியில் இருந்ததை எதிர்த்தார். இன்றைய பாஷையில் சொன்னால் அது சேவை இறக்குமதிப் பிரச்சினை. அவர் பிரிட்டனின் மொத்த இறக்குமதி எவ்வளவு, இந்தியாவின் தரவரிசை என்ன என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கவில்லை. யாரிடம் வாங்குகிறோம், வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். 1908-ல் அவரைச் சிறையில் போட்டார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. இன்று தூத்துக்குடி துறைமுகத்துக்கு அவர் பெயர். அங்கிருந்து கிளம்பும் கண்டெய்னர்களில் கணிசமானவை இன்றும் கொழும்பில் இறங்கித்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன.

பட்டியலில் இருப்பதே இத்தனை குழப்பம் என்றால், இல்லாதது இன்னும் மோசம். வெளிநாட்டு வங்கி ஒன்று சென்னையில் கிளை திறந்து நமக்குக் கடன் கொடுத்தால் அது சேவை இறக்குமதிக் கணக்கில் வராது. உள்ளூரில் இருக்கும் கிளை உள்ளூர் நிறுவனமாகவே கருதப்படும். உலக வர்த்தக நிறுவனத்தின் சேவை ஒப்பந்தத்தில் (1995) இப்படிக் கடை திறந்து விற்பதும் வர்த்தகம்தான். 2017-ல் உலகச் சேவை வர்த்தகத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதம் இந்த வழியில்தான் நடந்தது என்று அந்த நிறுவனமே மதிப்பிட்டது. அதாவது நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பட்டியல், விஷயத்தின் பெரிய பாதியைப் பார்க்கவே இல்லை.

"சரிப்பா, ஒரு புள்ளிவிவரத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்கலாம். இந்த மொத்த எண்ணை வைத்துத்தான் நம் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறார்கள், அதனால்தான்.

2025 செப்டம்பரில் அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா அறிமுகம் ஆனது. அமெரிக்கக் கம்பெனிகள் வெளிநாட்டுக்குக் கொடுக்கும் அவுட்சோர்சிங் பணத்துக்கு 25 சதவீத வரி போட வேண்டும் என்றது அது. அதன் பின்னால் இருப்பது எங்கள் வகுப்பின் இரண்டாம் கட்சியின் அதே வாதம்தான்: இறக்குமதி என்றால் நஷ்டம். அமெரிக்காவின் சேவை இறக்குமதியில் ஒரு துண்டு, சென்னையிலும் கோவையிலும் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் நம் அண்ணன்களும் அக்காக்களும் செய்யும் வேலை. இறக்குமதியே பாவம் என்று இங்கே கை தட்டுகிறவர்கள், அதே கை தட்டல் வாஷிங்டனில் கேட்கும்போது என்ன செய்வார்கள்?

மறுபக்கத்தையும் பாருங்கள். வெளிநாட்டு இணைய நிறுவனங்களிடம் நம் வியாபாரிகள் வாங்கும் விளம்பரங்களுக்கு 2016-ல் இந்தியா 6 சதவீத 'சமன்படுத்தும் வரி' போட்டது. இங்கே சம்பாதித்துவிட்டு இங்கே வரி கட்டாமல் போகிறவர்களைப் பிடிக்க ஒரு சின்னத் தூண்டில். அமெரிக்காவின் வரி மிரட்டல்கள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், 2025 ஏப்ரல் 1 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி நம் ஊரில் ஒரு டீக்கடைச் சண்டைகூட நடக்கவில்லை. எப்படி நடக்கும்? அந்தப் பணம் 'இதர' மூட்டைக்குள் அல்லவா இருக்கிறது! வெங்காயம் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் தெரியும். மூட்டைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால் நாடுகளை ஒப்பிடவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. தாராளமாக ஒப்பிடுங்கள். ஆனால் மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடாதீர்கள். கப்பல் கட்டணத்தைக் கப்பல் கட்டணத்தோடு, படிப்புச் செலவைப் படிப்புச் செலவோடு வையுங்கள். ராயல்டியைத் தனியே எடுத்து, அதில் எவ்வளவு ஒரே குடும்பத்துக் கம்பெனிகளுக்குள் போகிறது என்று கேளுங்கள். "அவ்வளவு விவரம் எல்லா நாட்டுக்கும் கிடைக்காதே" என்றார் அந்த செமினார் நண்பர். நியாயம்தான். கிடைக்காத இடத்தில் தரவரிசை போடாமல் இருக்கலாமே. தெரியாததை வரிசைப்படுத்தி எண் கொடுத்துவிட்டால் அது தெரிந்ததாக ஆகிவிடாது.

அடுத்த முறை யாராவது இப்படி ஒரு பட்டியலைத் திரையில் போட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன வாங்கினார்கள்? யாரிடம் வாங்கினார்கள்? வாங்காமல் இருக்க வழி இருந்ததா? மூன்றுக்கும் பதில் இருந்தால் கை தட்டுவோம். இல்லையென்றால் கிளியைக் கூண்டுக்குள் அனுப்பிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போவோம்.