எட்டு வயதுக் கிழவி

2003இல் வெளிவந்த 'அப்டவுன் கேர்ள்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தில் எட்டு வயதுச் சிறுமி ரே சிரிப்பதே அரிது. தந்தை நினைவிழந்து படுக்கையில். தாய்க்கோ வேலையே உலகம். அவளைப் பராமரிக்க வரும் மொலி, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, வளர்ந்தும் வளராத பெண். படம் சுமார்தான். ஆயினும் தந்தை இறந்ததும் ரே மொலியை அடித்து, பின் அவளையே கட்டிப்பிடித்து அழும் இடம் எம்மைத் தொட்டது. அங்கேதான் அவள் பிள்ளையாகிறாள்.

2008இல் கட்டுக்கரைப் பகுதியை விட்டு ஓடி, 2009இல் மெனிக் பாம் முகாமில் தம்பியை இடுப்பில் சுமந்தபடி தண்ணீர் வரிசையில் நின்ற சிறுமிகளை நாம் மறக்கவில்லை. 'பொறுப்பான பிள்ளை' என்று மெச்சினோம். அழவிட்டோமா? ஊர் திரும்பிய பின்னும் கடன் கணக்கையும் அடுப்பையும் பிள்ளைகளிடமே விட்டோம். பெற்றோரே, மாலையில் குடத்தை நாமே தூக்குவோம். அவர்கள் கிளித்தட்டு மறிக்கட்டும்.