இறந்த விண்மீன்களும் நம் இரவல் அற்புதங்களும்



விண்மீன் ஒன்று துடிக்கும் ஓசை என்று ஓர் ஒலித்துண்டு நம் வாட்ஸ்அப் குழுக்களில் மீண்டும் மீண்டும் வலம் வருகிறது. கதவைத் தட்டுவது போன்ற இவ்வோசையே திருக்குர்ஆனின் 86ஆம் அத்தியாயம் கூறும் ‘அத்தாரிக்’ என்ற குறிப்பும் அதனுடன் வரும். சில நாள்களில் கருந்துளையின் படம் வரும். 81ஆம் அத்தியாயத்தின் ‘அல்குன்னஸ்’ அதுவே என்பார்கள். நாமும் ‘சுப்ஹானல்லாஹ்’ என்று எழுதி அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். இது மார்க்கத் தொண்டு அன்று. மார்க்கத்திற்கு நாமே இழைக்கும் தீங்கு.

முதலில் உண்மையை அறிவோம். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையைத் தானே தாங்க இயலாமல் உள்நோக்கிச் சரிகிறது. சூரியனைப் போன்றவை பூமியளவு சுருங்கி வெண்குறுமீன்களாகின்றன. சூரியனைவிட ஏறத்தாழ எட்டு மடங்குக்கு மேல் நிறையுடையவற்றின் உட்கரு நொடிப்பொழுதில் நொறுங்க, மேலடுக்குகள் வெடித்துச் சிதறுகின்றன. எஞ்சுவது, சூரியனைவிட மிகுந்த நிறையைச் சுமார் இருபது கிலோமீட்டர் குறுக்களவில் அடக்கிய நியூட்ரான் விண்மீன். அதனினும் கனத்த உட்கருவாயின் கருந்துளை.

சுழலும் நியூட்ரான் விண்மீனின் துடிப்பை 1967இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தவர் ஜோசலின் பெல் என்னும் ஆய்வு மாணவி. அவர் கண்டது காகிதச் சுருளில் பதிந்த ரேடியோ அலைகளின் தடத்தை. வெற்றிடத்தில் ஓசை பயணிக்காது. நாம் பகிரும் ‘தட்டும் ஓசை’, அவ்வலைகளை மனிதர் ஒலியாக மாற்றியது. ‘தாரிக்’ என்பது அரபியரின் வழக்கில் இரவில் வருபவரைக் குறிக்கும் சொல். இரவில் தோன்றும் ஒளிமிக்க விண்மீனுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதை அவ்வசனத்தை முதலில் செவியுற்றவர்கள் தொலைநோக்கி இன்றியே அறிந்திருந்தார்கள்.

கருந்துளை எல்லாவற்றையும் ‘பெருக்கித் தள்ளும்’ துடைப்பம் என்ற விளக்கமும் அத்தகையதே. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அச்சொல்லுக்கு முஃபஸ்ஸிர்கள் தந்த விளக்கங்களோ, தோன்றி மறையும் விண்மீன்கள் என்றும், தம் உறைவிடத்தில் ஒடுங்கும் மான்கள் என்றும் அமைந்துள்ளன. அந்த அழகை அழித்துவிட்டா நாம் அற்புதம் தேடுகிறோம்?

“நோக்கம் நல்லதுதானே, ஈமான் வளர்கிறதே” என்பர் சிலர். மதீனாவை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் பச்சிளம் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. குழந்தையின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். மௌனமாக இருந்திருந்தாலே போதும், அது மாபெரும் அற்புதமாக நிலைபெற்றிருக்கும். ஆனால் துயரத்தின் நடுவிலும் அவர்கள் அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய இறப்பிற்காகவும் பிறப்பிற்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று விளக்கித் தொழுகையின்பால் அழைத்தார்கள். தமக்கே பெருமை சேர்க்கும் தவறான சான்றை மறுத்த தூதரின் உம்மத்தா, சரிபாராத சான்றுகளைப் பரப்புவது?

பாதிக்கப்படுவோர் நம் பிள்ளைகள். பயானில் கேட்டதைக் கல்லூரியில் இயற்பியல் பயிலும் நாளில் அவர்கள் உரசிப் பார்ப்பார்கள். பொய்யானது நம் விளக்கம்தான் என்று பிரித்தறியும் பக்குவம் அப்போது அனைவருக்கும் வாய்க்குமா? வேதத்தையே ஐயுற்றால் பொறுப்பு யாருடையது?

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. பிறர் உழைத்துக் கண்டதும் ‘எங்களிடம் முன்பே இருந்தது’ என்கிறோம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில், 19 வயதில், வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணக்கிட்டார். அறிஞர் எடிங்டன் 1935இல் அதை அவையறிய எள்ளினார். நோபல் பரிசு வந்தது 1983இல். நம் முன்னோரும் இவ்வாறே உழைத்தவர்கள்தாம். 1006இல் வானில் வெடித்த விண்மீனை எகிப்தில் கண்ட இப்னு ரிள்வான், அதன் ஒளியையும், அன்று கோள்கள் நின்ற இடங்களையும் எழுதி வைத்தார். இன்றைய வானியலாளர்களும் அக்குறிப்பை நாடுகிறார்கள். அவர் வானத்தை உற்றுநோக்கினார். நாமோ ஒலித்துண்டை முன்னனுப்புகிறோம்.

வானத்தைச் சிந்திக்கச் சொல்லும் வேதம் நம்மிடம் உள்ளது. அது விண்மீன்களிடம் சாட்சி கேட்டு நிற்கவில்லை. எனவே அடுத்த முறை அத்தகைய செய்தி வந்தால் அனுப்பாதீர்கள். இஷாவுக்குப் பின் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று வானத்தைக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், ‘அல்லாஹ்வே நன்கறிந்தவன், வா, சேர்ந்து படிப்போம்’ என்று சொல்லுங்கள்.