சட்டியில் இருந்தால்தானே செல்லில் வரும்!

புதிய சோலார் செல் பற்றிச் செய்தி வந்தால், எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் பார்க்கிறோம். பிராசசர் வாங்கப் போய் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்துவிட்டு வருவது போன்றதுதான் இது. வெள்ளீயத்தால் ஆன பெரோவ்ஸ்கைட் செல்களைப் பொறுத்தவரை, அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பூசுவதற்கு முன்னால் பாட்டிலில் இருந்த கரைசல் எப்படி இருந்தது? இந்தச் செல்லின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது என்பது என் கருத்து.

பெரோவ்ஸ்கைட் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிலிக்கான் செல் செய்யக் கடும் வெப்பத்தில் இயங்கும் உலைகள் வேண்டும். பெரோவ்ஸ்கைட்டுக்கு அது தேவையில்லை. சில உப்புகளைக் கரைத்து, கண்ணாடி மீது மெல்லிய படலமாகப் பூசி, இட்லி வேகும் அளவுக்குச் சூடாக்கினால் போதும். இங்க்ஜெட் முறையில் அச்சிடவும் முடியும். 2009-ல் ஜப்பானின் யோகோஹாமாவில் உள்ள டோயின் பல்கலைக்கழகத்தில் சுடோமு மியாசாகா குழு செய்த செல்லின் திறன் வெறும் 3.8 சதவீதம். ஆய்வகச் செல்கள் இன்று 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் அந்தச் சாதனைகள் எல்லாம் காரீயம் கலந்த செல்களுக்குச் சொந்தமானவை.

தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்வதால் குழப்பம் வரும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். நரம்பு மண்டலத்தைப் பாதிப்பது காரீயம். நம் கம்ப்யூட்டர்கள் இந்த மாற்றத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டன. ஐரோப்பாவின் ஆர்ஓஎச்எஸ் விதி 2006 ஜூலை 1 முதல் அமலானதும், மதர்போர்டுகளின் சால்டரில் இருந்து காரீயம் வெளியேறியது. வெள்ளீயத்துடன் வெள்ளியும் செம்பும் கலந்த சால்டர் பரவலாக அதன் இடத்தைப் பிடித்தது. 183 டிகிரியில் உருகிய பழைய சால்டருக்குப் பதில், 217 டிகிரி அளவில் உருகும் புதியதற்காகத் தொழிற்சாலைகளே மாற வேண்டியிருந்தது. மாறின. தொழில்நுட்ப வல்லுநர்கள் நிரந்தரமாகப் பொருத்தும் சோலார் பேனல்களுக்கு மட்டும் அந்த விதியில் விலக்கு உண்டு. கையடக்கக் கருவிகளில் ஒட்டி வரும் செல்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே வெள்ளீயச் செல் நம் மேஜைக்கும் சட்டைப்பைக்கும் நேரடியாகத் தொடர்புள்ள விஷயம்.

2014-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் வெள்ளீயச் செல்கள் சுமார் 6 சதவீதத்தைத் தொட்டன. பத்து ஆண்டுகள் கழித்து 15 சதவீதத்தைத் தாண்டியிருக்கின்றன. காரீயச் செல்லோடு ஒப்பிட்டால் இது குறைவுதான்.

காரணம் என்ன? படிகத்தில் வெள்ளீயம் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்க வேண்டும். அதுவோ இன்னும் இரண்டை இழந்து நான்காம் நிலைக்குப் போகத் துடிக்கிறது. அப்படிப் போனால் படிகத்தில் வெள்ளீயம் இருக்க வேண்டிய இடங்கள் காலியாகின்றன. ஒளி பட்டுப் பிறக்கும் மின்னூட்டங்கள் வெளியே வந்து சேர்வதற்குள் அழிந்துவிடுகின்றன. வோல்டேஜ் இறங்குகிறது.

பழி முழுவதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் மீதே விழுந்தது. அதனால்தான் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வேலை செய்தார்கள். ஆனால் பயர்வால் போடுவதற்கு முன்பே வைரஸ் உள்ளே இருந்தால் என்ன செய்வது? வாங்கும் வெள்ளீய அயோடைடு உப்பிலேயே நான்காம் நிலை வெள்ளீயம் கொஞ்சம் கலந்து வருகிறது. அதைவிட வேடிக்கை, உப்பைக் கரைக்க எல்லோரும் பயன்படுத்தும் டிஎம்எஸ்ஓ என்ற திரவமே வெள்ளீயத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்பது. அமிலத்தன்மையும் 100 டிகிரிக்கு மேல் வெப்பமும் சேர்ந்தால் இது நடக்கிறது என்று ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெர்லின் மையத்தில் அன்டோனியோ அபாட்டே குழு 2020-ல் காட்டியது. படலத்தைச் சூடாக்குவதும் ஏறக்குறைய அதே வெப்பத்தில்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை!

சரி, டிஎம்எஸ்ஓவை விட்டுவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட் நொடிகளில் படிகமாகிவிடும். படலத்தில் ஓட்டைகள் விழும். வெள்ளீயத்தைப் பிடித்து வைத்து அந்த அவசரத்தைக் குறைப்பதும் இதே டிஎம்எஸ்ஓதான்.

மருந்தும் கரைசலில்தான் கிடைத்திருக்கிறது. வெள்ளீய ஃபுளோரைடைச் சேர்த்தால், நான்காம் நிலை வெள்ளீயத்தை ஃபுளோரைடு கட்டிப் போட்டு, படிகத்துக்குள் நுழைய விடாமல் செய்கிறது. வெள்ளீயப் பொடியைப் போட்டால், கெட்டுப் போன வெள்ளீயம் மறுபடி இரண்டாம் நிலைக்குத் திரும்புகிறது. சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகம் 2019-ல் காரீயமும் வெள்ளீயமும் கலந்த கரைசலில் இதைச் செய்து, இரட்டை அடுக்குச் செல்லில் 24.8 சதவீதம் எட்டியது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் 2020-ல் கரைசலுக்குள்ளேயே வெள்ளீய நானோ துகள்களை உண்டாக்கி, கெட்ட வெள்ளீயத்தை அகற்றிக் காட்டியது.

சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான காரீயம்தானே, நன்றாக மூடி சீல் வைத்தால் போதாதா என்று சிலர் வாதிடுகிறார்கள். கூரையில் பதித்த பேனலுக்கு அந்த வாதம் பொருந்தலாம். கீழே விழுந்து உடையும், குப்பைத் தொட்டிக்குப் போகும் சிறு கருவிகளுக்கு நான் அதை ஏற்கமாட்டேன். வெள்ளீயம் முற்றிலும் சாது என்றும் சொல்ல வரவில்லை. வெள்ளீய அயோடைடு தண்ணீரில் பட்டால் அமிலம் உண்டாகும். சீல் வைப்பது இரண்டுக்குமே அவசியம். ஆனால் கெட்ட கரைசலில் பிறந்த படலத்தை எவ்வளவு இறுக்கி மூடினாலும், குறையும் உள்ளேயே இருக்கும்.

ஆகவே, வெள்ளீயச் செல்லில் புதுச் சாதனை என்று அறிவிப்பவர்கள் மூன்று விவரங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன். உப்பு எவ்வளவு தூய்மை? கரைசல் கலந்து எத்தனை மணி நேரத்தில் பூசப்பட்டது? அதில் நான்காம் நிலை வெள்ளீயம் எவ்வளவு? இவை தெரியாவிட்டால் அதே செல்லை இன்னொரு ஆய்வகம் திரும்பச் செய்வது கஷ்டம். தொழிற்சாலைக்கோ இன்னும் கஷ்டம். அங்கே கரைசல் நாள் கணக்கில் டிரம்மில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இன்று வீட்டுக்குச் சோலார் போட நினைப்பவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். சிலிக்கான் பேனலையே தாராளமாகப் போடுங்கள். ஆனால் அடுத்த முறை வெள்ளீயச் செல் பற்றிய செய்தி கண்ணில் பட்டால், சதவீதத்தைப் படித்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கரைசலைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!