பீப்பாயின் வயது ஒயினின் தரமாகுமா?

விலை குறைந்த ஒயின் தரம் குறைந்தது என்று தீர்ப்பெழுதும் நண்பர்கள், ஸ்பெயினின் ரியோஹாப் புட்டிகளில் உள்ள சொற்களைச் சற்றே மொழியியல் கண்ணோடு படித்தல் நலம். சிவப்பு ஒயினில் 'கிரியான்சா' என்பது குறைந்தது 2 ஆண்டு முதிர்வு, 'ரெசெர்வா' 3, 'கிரான் ரெசெர்வா' 5. ஓக் பீப்பாயில் இருக்கவேண்டிய காலமும் விதிக்கப்பட்டுள்ளது. இச்சொற்கள் அளப்பது காலத்தை, மண்ணையன்று. 'கிரான்' என்ற அடையைக் கண்டதும் உயர்வென்று பொருள்கொள்பவர்கள் நாம்தாம்.

ஐந்தாண்டு சரக்கை விற்காமல் வைத்திருக்க எவரால் இயலும்? கிடங்கும் முதலும் உடையவரால். ரியோஹா ஆலவேசாவின் 'கோசெச்செரோ' குடும்பங்களோ, தம் தோட்டத்துத் தெம்ப்ரானிய்யோ திராட்சையைக் காம்பு நீக்காமல் முழுக்கொத்தாகவே நொதிக்கவிட்டு, பீப்பாயில் ஏற்றாமல் விரைவிலேயே விற்கின்றன. இளமையில் அருந்துவதற்கென்றே செய்யப்படும் ஒயின் அது. அதன் பழமணத்தைப் பீப்பாய் மறைக்குமேயன்றி வளர்க்காது. மலிவுக்குக் காரணம் காத்திருப்புச் செலவின்மை. இதைக் கைத்திறக் குறைவென்று வாசிப்பது பிழையான வாசிப்பு.

லகுவார்தியாவின் ஆர்தாதி என்ற குடும்பப் பண்ணை 2015 இறுதியில் ரியோஹா முத்திரையையே துறக்க முடிவெடுத்தது. தனித் தோட்டங்களுக்கான தகுதிப்பெயரை ஒழுங்காற்றுக் குழு 2017இல்தான் ஏற்றது. அதற்கும் கொடிகளுக்கு 35 வயதேனும் ஆகியிருக்க வேண்டுமாம்! வயதைக் கைவிட அவர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.