பழைய வண்டி, புது எஞ்சின் - நான் எந்தக் கட்சி?

வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்களுக்கு ஊரில் நிற்கும் பழைய கார் மேல் ஒரு தனி மயக்கம். ஓட்டப் போவது வேறு யாரோ. ஆனால் அதில் என்ன எஞ்சின் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மெல்பர்னிலும் நியூஜெர்சியிலும் உட்கார்ந்துகொண்டு நாம் முடிவு செய்வோம். எங்கள் குடும்பத்தில் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. என் கட்சியை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2 எஸ்டேட். அதாவது, டிக்கி இருக்க வேண்டிய இடம் வரைக்கும் கூரை நீண்டு, பின்னால் கதவு வைத்த ஸ்டேஷன் வேகன். மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் பழைய கட்டடத்தின் காம்பவுண்டில் பல வருடமாக நிற்கிறது. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது. கணக்குக்கு ஆறு பேர், நிஜத்தில் பத்துப் பேர் போவோம். பின்னால் மூட்டை முடிச்சு, அதன் மேல் குழந்தைகள். ஃபியட்டே ராஜாவாக இருந்த பம்பாயில் அந்த நீள வண்டியை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பலருக்கு அடையாளம் தெரியும்.

இப்போது கட்டடம் ரீடெவலப்மெண்டுக்குப் போகிறது. காம்பவுண்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வண்டி ஒன்று ஓடியாக வேண்டும், இல்லை பழைய இரும்புக்குப் போக வேண்டும். தங்கை பசங்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள்: மாருதி ஈகோ வேனின் 1.2 லிட்டர் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இதில் ஏற்றிவிடலாம். (ஈகோ என்ற பேரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்!) செலவை வெளிநாட்டில் இருக்கும் மூன்று குடும்பமும் பங்கு போட்டுக்கொள்வது என்று திட்டம். பசங்கள் முட்டாள்கள் இல்லை. பின் சக்கரத்தை ஓட்டும் வண்டிக்கு எஞ்சின் நீளவாக்கில் உட்கார வேண்டும். ஸ்விஃப்ட் மாதிரிக் கார்களில் அது குறுக்குவாட்டில் இருக்கும், ஒத்து வராது. ஈகோவில் நீளவாக்கில்தான் இருக்கிறது. அதுவரைக்கும் யோசித்திருக்கிறார்கள்.

இருந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் "எல்லாம் ஒரிஜினலாகவே இருக்க வேண்டும்" என்று பூஜை செய்கிற ஆள் இல்லை. அம்பாசடரின் சரித்திரமே எஞ்சின் மாற்றிய சரித்திரம்தான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவத்தில் பிறந்த அந்த வண்டியில் ரொம்ப காலம் 1489 சிசி எஞ்சின் ஓடியது. 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதே உடம்புக்குள் ஜப்பானின் இசுசு 1817 சிசி எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்தது. 2014ல் உத்தர்பாரா ஆலை நின்ற வரைக்கும் அம்பாசடர் இழுத்துக்கொண்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மும்பையின் பத்மினி டாக்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். குர்லாவில், எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருந்த பிரீமியர் ஆலையில் பிறந்தவை. பிற்காலத்தில் பெரும்பாலானவை சி.என்.ஜி. கிட் போட்டுக்கொண்டு ஓடின. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சிக்கு 20 வருட வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் கடைசியில் அந்தக் கதையும் முடிந்தது.

ஆக, மாற்றுவது பாவமில்லை. மாற்றியது யார், சோதித்தது யார், கையெழுத்துப் போட்டது யார் என்பதுதான் கேள்வி. இசுசு எஞ்சினுக்கு ஒரு தொழிற்சாலை பொறுப்பேற்றது. சி.என்.ஜி. கிட்டுக்கு அங்கீகாரம் இருந்தது, ஆர்.சி. புக்கில் பதிவும் ஆனது. நம் ஈகோ எஞ்சினுக்கு யார் பொறுப்பு? தெரிந்த ஒரு மெக்கானிக், ஒரு லேத் பட்டறை, வாட்ஸப்பில் நாலு பேர்.

எஞ்சினை இறக்கி ஏற்றுவது வேலையில் பாதிகூட இல்லை. மவுண்டிங் புதிதாகச் செய்ய வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் சரிபார்த்து பேலன்ஸ் பண்ண வேண்டும். பின் ஆக்சிலின் பல் கணக்கு புது எஞ்சினுக்கு ஒத்துப் போக வேண்டும். ஸ்டியரிங் பக்கத்துக் கியர் போய் தரையில் கியர் வரும், அதற்குத் தரையை வெட்ட வேண்டும். கார்புரேட்டர் வண்டியின் டாங்கில் அழுத்தமான பம்ப், சென்சார்கள், கம்ப்யூட்டர், ஒயரிங் எல்லாம் வர வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு பிரேக் இருக்கிறது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், 50 எச்.பி. சுமாருக்குக் கணக்குப் போட்டது. புது எஞ்சின் 80க்குப் பக்கத்தில் கொடுக்கும். வேகத்தின் வர்க்கத்துக்குத் தகுந்தபடி பிரேக் தின்ன வேண்டிய சக்தி ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 60ல் போகிற வண்டியை நிறுத்துவதைப் போல இரண்டு மடங்கு வேலை, 85ல் போகிற வண்டியை நிறுத்த. எக்ஸ்பிரஸ்வேயில் பசங்கள் 85ல் நிற்பார்களா?

பொருத்தம் இல்லாத கல்யாணம் எப்படி முடியும் என்பதற்கு நம் சென்னையிலேயே உதாரணம் உண்டு. ஸ்டாண்டர்ட் மோட்டார் 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடம்பு ரோவர் எஸ்.டி.1, அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும் அழகு. எஞ்சினோ 1940களின் வான்கார்ட் வம்சம். 1988ல் கடை மூடிவிட்டது. அங்கே புது உடம்பு, பழைய இதயம். நாம் செய்யப் பார்ப்பது தலைகீழ். பொருத்தம் பார்க்காவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ரக எஞ்சினை அனுமதியோடு மாற்றலாம், அங்கீகரித்த கிட் போட்டு எரிபொருளை மாற்றலாம். 1489 சிசி அம்பாசடருக்குள் வேறு கம்பெனி எஞ்சின் இந்த வாசல் எதிலும் நுழையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ். விபத்து என்று ஒன்று நடந்து, ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதும் வேறு என்று சர்வேயர் எழுதினால், கோர்ட்டில் நிற்கப் போவது தங்கையின் வீட்டுக்காரர். மெல்பர்னிலிருந்து பணம் அனுப்பிய நான் இல்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிகளுக்கு "வி.ஏ." எழுத்தோடு தனி நம்பர். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுத்துப் போகலாம். எங்கள் எஸ்டேட்டுக்கு அந்த வயது ஆகிவிட்டது. ஈகோ எஞ்சின் ஏறிய அன்றைக்கு அந்தக் கதவும் சாத்திவிடும்.

"நீ இருக்கிற ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் வேகனில் எல்லாம் என்னென்னவோ எஞ்சின் போடுகிறார்களே?" என்று தங்கை பையன் மடக்கினான். போடுகிறார்கள்தான். இங்கே விக்டோரியாவில் எஞ்சினை அப்படி மாற்றினால் அரசு அங்கீகரித்த எஞ்சினியர் ஒருவர் வண்டியைப் பார்த்து, பிரேக்கிலிருந்து புகை வரைக்கும் சரிபார்த்து, தன் பேரில் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வண்டியின் எடைக்கு எத்தனை சிசி வரை போகலாம் என்றுகூடக் கணக்கு இருக்கிறது. ஆசைப்படுகிறவனுக்கு வழியும் உண்டு, அந்த வழிக்கு ஒரு காவலும் உண்டு. இந்தியாவிலும் இப்படி ஒரு ஏற்பாடு வர வேண்டும் என்பது என் ஆசை. வராத வரைக்கும் குறுக்கு வழியில் போக என் பங்குப் பணம் கிடையாது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது சுலபம். அதனால் மாற்று யோசனையும் அதே பங்குப் பணமும் கொடுத்திருக்கிறேன்:

ஒன்று, இருக்கிற எஞ்சினையே பிரித்து போர் போட்டு, புது பிஸ்டன், ரிங். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து சிலிண்டர் ஹெட் என்பதால், கெட்டிப்படுத்திய வால்வ் சீட் கட்டாயம்.

இரண்டு, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது தின்றுவிடும். ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனால் தாங்குவதாக மாற்ற வேண்டும். ஜெட்டையும் அதற்கேற்பச் சரிபார்க்க வேண்டும்.

மூன்று, மிச்சப் பணம் முழுக்க பிரேக், ரேடியேட்டர், ஒயரிங், டயருக்கு. ஐம்பது வருட ஒயர் புகைந்தால் எந்த எஞ்சினும் காப்பாற்றாது.

இந்த வண்டி 60க்கு மேல் போகாது, கண்டாலா காட் ஏறும்போது மூச்சு வாங்கும் என்பது பசங்களின் புகார். உண்மைதான். ஆனால் அவசரமாகப் போக அவர்களிடம் வேறு கார் இருக்கிறது. இது பாட்டியை உட்கார வைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் ஒரு சுற்றுப் போய்வர. அதற்கு 50 எச்.பி. தாராளம்.

தூர தேசத்தில் இருக்கும் நமக்கு ஊர் வண்டி ஒரு ஞாபகம். அங்கே இருப்பவர்களுக்கு அது ஏறி உட்காருகிற சாமான். நம் ஞாபகத்துக்கு எஞ்சின் தேடுவதற்கு முன்னால், அவர்களுக்கு நல்ல பிரேக் வாங்கிக் கொடுப்போம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு வண்டி நின்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதலில் ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்கள். பானெட்டை அப்புறம் திறக்கலாம்.