செல்லுக்குள் எத்தனை கெட்டி?

தண்ணீரைவிடத் தேன் கெட்டி என்று சொல்ல சயின்ஸ் வேண்டாம். ‘எத்தனை மடங்கு கெட்டி?’ என்று கேட்டால் வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் பாகுநிலை. அல்வா கிண்டிய அனுபவஸ்தர் யாரோ வைத்த பெயர் என்பது என் சந்தேகம்.

ப்ளஸ் டூ லேபில் இதை அளந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உயரமான கண்ணாடி ஜாரில் விளக்கெண்ணெய். அதில் சின்னக் குண்டைப் போட்டு, ஸ்டாப் கிளாக்கை அமுக்கிவிட்டு, அது இறங்கும் அழகைப் பார்ப்போம். மெதுவாக இறங்கினால் கெட்டி. ஸ்டோக்ஸ் என்பவர் 1851-ல் போட்ட கணக்கு.

சரி, உயிருள்ள ஒரு செல்லுக்குள் எப்படி அளப்பது? செல்லே சுமார் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். குண்டை எங்கே போடுவது?

அதற்கு ஒளிரும் மூலக்கூறு ஒன்றை அனுப்புகிறார்கள். ‘மாலிக்யூலர் ரோட்டார்’ என்று பெயர். அதன் ஒரு பகுதி கீல் வைத்தாற்போல் சுழலும். ஒளியை அடித்தால் எனர்ஜி வாங்கிக்கொள்ளும். வாங்கியதை ஒண்ணாந்தேதி சம்பளம் மாதிரி உடனே செலவழித்தாக வேண்டும். சுழன்று தீர்க்கலாம், அல்லது ஒளியாக விடலாம். இளகின இடத்தில் ஜாலியாகச் சுற்றும். வெளிச்சம் சட்டென்று அணைந்துவிடும். கெட்டியான இடத்தில், காலை ஒன்பது மணி பஸ்ஸில் மாட்டிக்கொண்ட நம்மைப் போல, திரும்பக்கூட முடியாது. வேறு வழியில்லாமல் ஒளிரும், கூடுதல் நேரம்.

எனக்குப் பிடித்த சாமர்த்தியம் இந்த ‘நேரம்’தான். பிரகாசத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு மூலையில் நாலு மூலக்கூறு அதிகமாகக் கூடினாலே பளிச்சென்றுதான் தெரியும். ஒளிரும் நேரமோ எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. அளப்பது நானோ செகண்டில், அதாவது ஒரு செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு!

2008-ல் லண்டன் இம்பீரியல் காலேஜில் மரீனா குய்மோவா குழுவினர் உயிருள்ள செல்லில் இப்படி அளந்தார்கள். சாயம் தங்கிய இடங்கள் தண்ணீரைவிடப் பல பத்து மடங்கு கெட்டி. 2009-ல் ஒரு படி மேலே போய், ஒளி பட்டதும் செல்லைக் கொல்லவும் செய்கிற மூலக்கூறை அனுப்பினார்கள். புற்றுநோய்க்கான ஒளி சிகிச்சை இந்த வழியில்தான் வேலை செய்கிறது. செல் சாகச் சாக உள்ளே கெட்டியாகிக்கொண்டே போனது தெரிந்தது. கெட்டியானால் கொல்ல வேண்டிய சமாசாரமும் தூரம் போகாமல் நின்றுவிடும். ஆகவே சிகிச்சை பாதியில் எப்படிப் போகிறது என்று தெரிவது முக்கியம்.

இங்கே அதைச் சொல்வதும் அதே மூலக்கூறு. கொலையாளியே கூட இருந்து போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் எழுதித் தருகிறான்!